கீழாநெல்லியும் பன்னீர் சோடாவும்

இன்று காலை சித்திரை வீதியில் கீரைக்காரம்மா என்னை நிறுத்தினார். "என்ன சார், அன்னிக்குக் கீழாநெல்லி வாங்கிட்டுப் போனீங்களே, வீட்ல யாருக்குக் காமாலை? எறங்கிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்டை எடுத்து என் முகத்துக்கு நேராக உதறினார். ஈர மண்ணோடு கலந்த அந்தப் பச்சைக் கசப்பு மூக்கில் ஏறியது. "எறங்கிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முருங்கைக்கீரை வாங்கப் போனவன் ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பி, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்தக் கட்டை நான் தொடவே இல்லை. இருந்தும் கழுவினேன்.

நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். "பயந்தே பாதி ஆளாயிட்டே வாத்தியாரே" என்பாய். கல்லூரியில் எல்லோருக்கும் நான் வணிகவியல் பேராசிரியர். நீ ஒருவன்தான் என்னை வாத்தியாராக்கி வைத்தாய். ஆனால் என் பயத்தைக் கேலி செய்த உனக்கு என்னைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது என்ன செய்தது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு நடந்தவை உனக்குத் தெரிய வேண்டும்.

நீ கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாய். நான் ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து உன்னிடம் வருவேன், ஞாயிறு மதியம் திரும்புவேன். என் அம்மாவுக்கு நீ 'அந்த ஃபேக்டரிப் பையன்'. காட்டூரில் கட்டிக்கொடுத்த உன் தங்கை செல்விக்கு நான் 'அண்ணனோட ஃப்ரெண்டு'. நாம் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தோம் என்பதற்கு நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம்.

வருடத்துக்கு ஒரு தடவை கரூருக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? திருச்சியில் ரத்தம் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. எந்த லேபுக்குப் போனாலும் பில் போடும் இடத்தில் என்னிடம் படித்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதனால் ஆடிப் பெருக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு லீவு போட்டு, காவிரியை ஒட்டியே பஸ்ஸில் போய், அங்கே எச்.ஐ.வி. பார்க்கும் இடத்தில் கை நீட்டுவோம். முடிவு வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் உனக்குக் கால் தரையில் பாவாது. "ரெண்டு பேரும் பாஸ் வாத்தியாரே!" என்று என் முதுகில் அறைவாய். நேரே ஹோட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட். பிறகு எனக்குக் காபி, உனக்குப் பன்னீர் சோடா. எந்தக் கொண்டாட்டமும் உனக்குப் பன்னீர் சோடாவில்தான் முடியும். கல்யாண வீடுகளில் ஃபேக்டரி நண்பர்கள் ஒதுக்குப்புறமாகப் பாட்டிலைத் திறக்கும்போதும் நீ நடுவில் பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு கடலை கொறித்துக்கொண்டிருப்பாய். வாடை அதிகமானால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாய்.

அந்த ஒரு சோதனையில் தேறிவிட்டால் உடம்பு மொத்தமும் தேறிவிட்டதாக நம்பினோம். நம்மைப் போல ஆணோடு வாழும் ஆணுக்கு வரக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைப்பு. சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடும் நம் கூட்டத்தில் எல்லோருக்கும் அதே நினைப்புதான். ஹெபடைடிஸ் பி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அது காமாலைதானே! காமாலை என்றால் கெட்ட தண்ணீர், ஹோட்டல் சாப்பாடு, உடம்புச் சூடு. ரத்தத்தில் வரும், உறவில் வரும் என்று எவன் யோசித்தான்? தடுப்பூசி என்பதெல்லாம் கைக்குழந்தைகளுக்குப் போடுவது.

உன் கண் மஞ்சளானது ஒரு சித்திரை மாதம். கதவைத் திறந்து நீ வெளிச்சத்துக்கு வந்ததும் நான் திடுக்கிட்டேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"வேணாம். ரத்தம் எடுப்பாங்க."

"எடுத்தா என்னடா?"

"எடுத்தா என்னென்னமோ பாப்பாங்க. எதாவது ஒண்ணு இருந்துச்சுன்னா நர்ஸம்மாலேர்ந்து கேன்டீன் வரைக்கும் தெரிஞ்சிரும். அப்பறம் இது எப்படி வந்துச்சு, யாருகிட்டேர்ந்து வந்துச்சும்பாங்க. கல்யாணம் ஆகாத ஆளு வேற. வேணாம் வாத்தியாரே, கீழாநெல்லி வாங்கியாந்து குடு."

உன் பயம் எனக்குப் புரியாத பாஷையா? சித்திரை வீதியில் கீழாநெல்லி வாங்கி வந்தேன். செல்வி காட்டூரிலிருந்து வந்து தங்கி, அதை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பில்லாத சோறு, எண்ணெய் தொடாத ரசம். கொஞ்ச நாளில் கண் வெளுத்தது. "எறங்கிருச்சு!" என்று செல்வி போனில் கத்தினாள், சமயபுரத்துக்குப் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள். மஞ்சள்தான் இறங்கியது. உள்ளே இருந்தது அங்கேயேதான் இருந்தது. அது நமக்குத் தெரியவில்லை. நெய் ரோஸ்ட்டையும் கரூரையும் பழையபடி தொடர்ந்தோம்.

சில வருடங்கள் கழித்து உனக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பியது. வாயு என்றாய். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனபோது தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" நீ இல்லை என்றாய். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ரத்தமும் ஸ்கேனும் வந்த பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "பி வைரஸ். பல வருஷமா உள்ள இருந்திருக்கு. கல்லீரல் இறுகிடுச்சு. ஒரு கட்டியும் தெரியுது. முன்னாலேயே வந்திருந்தா மாத்திரையில வெச்சிருக்கலாம்ங்க." கூடப் பிறந்தவர்களும் கூட இருப்பவர்களும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பிழைப்பேனா என்று நீ கேட்கவில்லை. "செல்விகிட்ட என்ன சொல்றது?" என்றுதான் கேட்டாய். பதிலையும் நீயே வைத்திருந்தாய். உன்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, ஃபேக்டரியில் பழகிவிட்டது, அவளுக்குத் தெரியாமல் குடித்தேன் என்றாய். அவள் போனதும் சொன்னாய்: "குடின்னே நெனச்சுக்கட்டும் வாத்தியாரே. குடிச்சுச் செத்தான்னா பாவம்பாங்க. மத்ததுன்னா என்ன சொல்வாங்கன்னு உனக்கே தெரியும். எனக்கு வந்தது தண்டனைதான். அது நம்மளோட போகட்டும். செல்விக்குத் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஆனால் அந்தத் 'தண்டனை' என்ற சொல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அத்தனை சனிக்கிழமைகளும் உனக்குத் தண்டனைக்குரியவையாகத்தான் பட்டனவா? கேட்க நினைத்தேன். வயிற்றில் நீர் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அப்படிப் பேச வாய்க்கவில்லை.

ஓயாமரிச் சுடுகாட்டில் உன்னை வைத்துவிட்டு வந்த அன்று உன் சொந்தக்காரர்கள் "குடி கெடுத்துருச்சு" என்று உச்சுக்கொட்டினார்கள். நான் தலையாட்டினேன். கருமாதியன்று படையலில் உன் சித்தப்பா ஒரு பிராந்தி பாட்டிலைக் கொண்டுவந்து உன் போட்டோவுக்கு முன்னால் வைத்தார். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம். மூடியைத் திறந்து வேறு வைத்தார். வாடை கூடம் முழுக்கப் பரவியது. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோவிலிருந்து எழுந்து போய்விடுவாய் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு என் ரத்தத்துக்கு நானே பயந்தேன். சவரம் செய்யும்போது கீறினால் பஞ்சைக் காகிதத்தில் சுற்றி, யார் கையும் படாமல் தெருக்கோடித் தொட்டியில் போய்ப் போடுவேன். அம்மா என் டம்ளரை எடுத்தால் பிடுங்கிக் கழுவுவேன். காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் கண்ணாடியைப் பிடித்து இமையை இழுத்துப் பார்ப்பேன். சேலம் மாம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கை மஞ்சளாக இருப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனால் ரத்தம் பார்க்க மட்டும் போகவில்லை. பார்க்காதவரை இல்லை என்று இருந்துவிடலாமே.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் நான் கல்லூரியில் இருந்தபோது செல்வி போன் செய்தாள். "அண்ணா, எனக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. சோறு எறங்க மாட்டேங்குது. அண்ணனுக்கு நீங்க வாங்கிட்டு வந்தீங்களே, அந்தக் கீழாநெல்லி எங்கண்ணா கிடைக்கும்?"

என் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்துபோனது. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கினேன். அதை ஏன் வாங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. வெறுங்கையோடு போகக் கால் வரவில்லை. சத்திரத்தில் பஸ் மாறிக் காட்டூர் போகிற வழியெல்லாம் அந்தப் பை மடியில் இருந்தது. வாயைத் திறந்தால் உனக்குச் செய்த சத்தியம் போகும். உன் நோய் தெரிந்தால், நாம் யார் என்பதும் கூடவே தெரியும். திறக்காவிட்டால் செல்வி மோரில் கலக்கிக் குடிப்பாள். கண் வெளுக்கும். மாவிளக்குப் போடுவாள். பிறகு ஒருநாள் அவள் வயிறும் உப்பும்.

அவள் மிக்ஸியைக் கழுவி, மோரைக் கடைந்து தயாராக வைத்திருந்தாள். உன் கண் அப்படியே அவள் முகத்தில் இருந்தது. கையை நீட்டினாள்.

"அரைக்காதே செல்வி. மொதல்ல ரத்தம் பாக்கணும்."

"எதுக்குண்ணா? அண்ணனுக்கு இதுலதானே எறங்குச்சு."

"எறங்கலம்மா. அவனுக்கு எறங்கவே இல்ல. அந்தக் காமாலை வைரஸ்தான் உள்ள இருந்து அவனைக் கொண்டுபோச்சு. குடி இல்ல. அவன் குடிச்சதே இல்ல."

மிக்ஸி மூடியைக் கையில் வைத்தபடியே அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் எதற்கும் தயாராக நின்றேன். வெளியே போ என்று சொல்வதற்கும்.

"குடிக்கலன்னு எனக்குத் தெரியாதாண்ணா? பக்கத்துல எவனாவது குடிச்சிருந்தாலே எந்திரிச்சுப் போற ஆளு. எதையோ மறைக்கிறான்னு தெரிஞ்சுது. கேட்டா ஒடைஞ்சு போயிருவான்னு விட்டுட்டேன்." மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேரைப் பத்தியும் எனக்குத் தெரியும்ணா. அதையும் கேக்கல. கேட்டா நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்களோன்னு பயம். பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கிறது நீங்கதானே இப்போ."

நாம் மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் பயந்து மறைத்திருக்கிறோம், பார்த்தாயா? எனக்கு அழுகை வந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சரி, நீங்க பாத்துட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப நீங்களும் வாங்க. நீங்க பாக்கலன்னா நானும் பாக்க மாட்டேன்." அவள் உன் தங்கைதான், சந்தேகமே இல்லை.

லேபில் நான் பயந்தபடியே நடந்தது. "சார்! நான் உங்க ஸ்டூடன்ட் சார். பி.காம். நல்லாருக்கீங்களா? என்ன டெஸ்ட் சார்?" எந்தக் கேள்விக்குப் பயந்து கரூர் வரை ஓடினோமோ, அதே கேள்வி. "ஹெபடைடிஸ் பி. எங்க ரெண்டு பேருக்கும்" என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "உக்காருங்க சார், கூப்பிடுவாங்க" என்றாள். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம் என்று ஆத்திரமாக வந்தது. முடிவுக்குக் காத்திருந்த அன்று பழக்கதோஷத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். மறுபக்கம் நீ இல்லை.

அதே டாக்டரம்மாவிடம் போனோம். செல்விக்கு வைரஸ் இருந்தது. கல்லீரல் இன்னும் நன்றாக இருக்கிறது, மாத்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு, "உங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்பவே போயிட்டாங்க டாக்டர். வயிறு வீங்கி. மகோதரம்னு சொன்னாங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "அப்ப பெரும்பாலும் பிரசவத்துல அம்மாகிட்டேர்ந்து உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் வந்திருக்கும். கைக்குழந்தையில வந்தா உடம்பை விட்டுப் போறது அபூர்வம்."

கேட்டாயா? நீ பிறந்த அன்றே அது உன்னோடு இருந்திருக்கிறது. என்னைப் பார்ப்பதற்கு முன்பே, யாரையும் தொடுவதற்கு முன்பே. உன் அம்மாவுக்கே தெரியாமல் வந்த ஒன்றைத் தண்டனை என்று சொல்லிவிட்டு, அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே நீ செத்துப்போனாய். ஒருவரும் உன்னைத் தண்டிக்கவில்லையடா. இதைச் சொல்ல நீ இல்லையே என்று அந்த அறையிலேயே கத்த வேண்டும் போலிருந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "துணை, டாக்டர். நாங்க ஒண்ணா இருந்தோம்" என்றேன். அந்தச் சொல்லை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையசைத்தார். "இதை நீங்க சொன்னது நல்லதுங்க. ஆண்களோட உறவுல இருக்கிற ஆண்கள்கிட்ட இந்த பி வைரஸை மத்தவங்களைவிட அதிகமாவே பாக்கிறேன். எச்.ஐ.வி. மட்டும் பாத்துட்டு நிம்மதியாப் போயிடுறாங்க. இது அதைவிட சுலபமாத் தொத்தும். ஊசி போட்டுத் தடுத்துடலாம். ஆனா கேட்டு வர்றவங்க யாரு?"

என் முடிவையும் சொன்னார். எனக்கும் வந்திருக்கிறது. வந்து, எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. பெரியவர்களான பிறகு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடுமாம்; ரத்தத்தில் அதன் அடையாளமும் எதிர்ப்பும் மட்டும் தங்குமாம். "ஆனா அடியோட போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. கல்லீரல்ல எங்கேயாவது தூங்கிட்டிருக்கும். பின்னால எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து குடுத்தாங்கன்னா, மறக்காம இதைச் சொல்லுங்க." யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று கேட்டேன். ரத்தம் அதைச் சொல்லாது என்றார். சொல்லாவிட்டால் போகட்டும். நான் உன்னிடமிருந்து என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வியின் கணவருக்கும் மகளுக்கும் இல்லை. ஊசி போட ஆரம்பித்தாயிற்று. டீக்கடைக் கூட்டத்திலும் போய்ச் சொன்னேன். சிலர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒருவனுக்கு இருந்தது, மாத்திரை சாப்பிடுகிறான். இன்னொருவன், "நாமதான் எச்.ஐ.வி.ல பாஸாச்சே சார்" என்று டீயை உறிஞ்சினான். அவன் கண்ணைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

போன வாரம் உன் திதி. சித்தப்பா வழக்கம்போல் பையில் பாட்டிலோடு வந்தார். செல்வி அதை வாங்கி வாசலில் வைத்துவிட்டு, ஒரு பன்னீர் சோடாவை உடைத்து உன் போட்டோ முன்னால் வைத்தாள். "என்னம்மா இது?" என்றார் அவர். "எங்கண்ணன் குடிக்க மாட்டான் சித்தப்பா. அவனுக்குக் கல்லீரல்ல வியாதி. எனக்கும் இருக்கு." "அப்ப குடின்னாங்களே?" என்று சித்தப்பா என் பக்கம் திரும்பினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இந்தத் தடவை தலையாட்டவில்லை.

பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. செல்வி கண் இப்போது வெளுத்துவிட்டது. அதுதான் என் புதுப் பயம். எறங்கிருச்சு என்று மாத்திரையை நிறுத்திவிடுவாளோ? டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாதாம். அதனால் தினமும் காலையில் போட்டதும் எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். அதுவரை எனக்குக் காபி இறங்காது. இன்று கீரைக்காரம்மா கேட்டதிலிருந்து போனையே பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உள்ளே தூங்குவதாக டாக்டர் சொன்ன இடத்தில், விலாவுக்குக் கீழே, கையை வைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பது அது. எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இதோ அடிக்கிறது.

"போட்டுட்டேண்ணா. நீங்க சாப்டீங்களா?"

போட்டுட்டாடா.